நாலு பாத்தி மட்டும் பச்சை

தள்ளி உக்காருங்க டீச்சர், மூட்டையக் கால்மாட்டுல வச்சுக்கிறேன். டீச்சர்தானே? மடியில பரீட்சைப் பேப்பர்க் கட்டு இருக்கே, அதை வச்சுச் சொன்னேன். மதுரை வரைக்குமா? நல்லதாப்போச்சு, நானும் அங்கதான். பதினோரு மணிக்கு உழவர் சந்தை ஆபீஸ்ல விசாரணை. என் மேல இல்ல டீச்சர், அப்படிப் பாக்காதீங்க. மனுக் குடுத்ததே நான்தான்.

சேலையில ஈரம் படுதா? கீரை அது. சாட்சிக்குக் கொண்டுபோறேன். இருங்க, பிரிச்சே காட்டுறேன். இந்தக் கட்டைப் பாருங்க. தண்டுக்கீரை. வெதைச்சு இருபத்தாறு நாளாச்சு, ஒரு சாண் ஒசரம் இல்ல. இலை கட்டைவிரல் நகத்துக்கண்டு இருக்கு. நரம்பு மட்டும் பச்சையா ஓடுது, நரம்புக்கு நடுவுல பூராம் வெளுத்துக் கெடக்கு. இப்ப இந்தக் கட்டைப் பாருங்க. முழங்கை ஒசரம். இலை உள்ளங்கை அகலம், கருகருன்னு பச்சை. ரெண்டும் என் நிலம்தான். ஒரே வெதை, ஒரே நாள் வெதைச்சது, ஒரே கெணத்துத் தண்ணி. இதுல இந்தப் பச்சைக் கட்டு இருக்கு பாருங்க, இதுலதான் விஷம் அடிச்சுட்டா.

பாத்தீங்களா, கையை எடுத்துட்டீங்க.

யாரு அடிச்சான்னு கேளுங்க. என் ஓரகத்தி. ஒச்சம்மான்னு பேரு. என் வீட்டுக்காரரோட தம்பி பொண்டாட்டி. எம்பேரு பஞ்சவர்ணம், நான் மூத்தவ, அவ இளையவ. அண்ணன் தம்பி ரெண்டு பேரும் திருப்பூர்ல பனியன் கம்பெனியில வேலை பாக்குறாங்க, தீபாவளிக்கும் பொங்கலுக்கும் வருவாங்க. நிலத்தைப் பாக்குறது நாங்க ரெண்டு பேருந்தான். ஆளுக்கு முப்பது செண்டு. நடுவுல ஒரு வரப்பு, அந்த வரப்பு முனையில கெணறு. ஒரு நா தண்ணி எனக்கு, ஒரு நா அவளுக்கு. இருபத்திரெண்டு வருசமா கீரைதான் போடுறோம், வேற எதுவும் போட்டதில்ல. சந்தையில கடை போட ஆளுக்கொரு அட்டை, ஆனா கடை ஒண்ணு. ஒரே கல்லுல உக்காந்து, இந்தப் பக்கம் என் கீரை, அந்தப் பக்கம் அவ கீரை. ஒரே தூக்குச் சட்டியில காப்பி.

என்னது, மெதுவாப் பேசணுமா? எதுக்கு டீச்சர் மெதுவாப் பேசணும்? அந்தா பாருங்க, டிரைவருக்குப் பின்னாடி மூணாவது சீட்டு, ஜன்னலோரம், ஊதாச் சேலை. அவதான். அவளுக்கும் பதினோரு மணிக்குத்தான் வரச் சொல்லியிருக்காங்க. எங்க ஊருக்குக் காலையில இந்த ஒரு பஸ்ஸுதான், என்ன செய்யிறது. நான் அவகூடப் பேசுறதில்ல. இன்னையோட பதினெட்டு நாளாச்சு. பேசுறதில்லைங்கிறதுக்காக அவ காதுல விழாம இருக்கணும்னு ஏதாவது சட்டம் இருக்கா? ஜாடை பேசுறதுக்குன்னுதான் பக்கத்து சீட்டுல ஆளு உக்காருறது. நீங்க பாட்டுக்கு ஊங்கொட்டிக்கிட்டே வாங்க.

நான் எப்படி வெள்ளாமை செய்வேன்னு ஊருக்குள்ள கேட்டுப் பாருங்க. போன சித்திரையில ஜேசிபி வச்சு நிலத்தைச் சமன் பண்ணுனேன். முன்னாடி ஒரு பக்கம் மேடு, ஒரு பக்கம் பள்ளம், தண்ணி கட்டுறதுக்குள்ள இடுப்பு ஒடிஞ்சுபோகும். முழங்கால் ஆழத்துக்கு மேல்மண்ணை வழிச்சு, கோயில் மேடைக்குக் கொட்டிக்கிறச் சொல்லிக் குடுத்துட்டேன். புண்ணியத்துக்குப் புண்ணியம், வேலைக்கு வேலை. இப்பப் பாருங்க, என் நிலம் கேரம்போர்டு மாதிரி இருக்கும். வெள்ளை வெளேர்னு அடிமண்ணு, அதுல பொடிப்பொடியா ஓடைக்கல்லு, பாக்கவே சுத்தமா இருக்கும். இவளையும் பண்ணச் சொன்னேன். "வேணாங்க்கா, மண்ணைக் குடுத்துட்டு எதுல வெதைக்கிறது"ன்னா. நிலம்னா மண்ணு இல்லாமலா போயிரும்? தோண்டத் தோண்ட மண்ணுதான. அவ நிலம் இன்னைக்கும் மேடும் பள்ளமுமாத்தான் கெடக்கு.

உரத்துலயும் அப்படித்தான். நான் கஞ்சத்தனம் பாக்குறவ இல்ல. வருசத்துக்குப் பத்து வெதைப்பு போடுவேன். பத்து வெதைப்புக்கும் முன்னாடி டி.ஏ.பி. ஒரு தடவை தவறுனது கெடையாது. பன்னெண்டு வருசமா. பெத்த புள்ளைக்கு எண்ணெய் தேய்க்க மறந்திருப்பேன், மண்ணுக்கு டி.ஏ.பி. மறந்ததில்ல. அவ என்ன போடுவா? மாட்டுச்சாணியும் ஆட்டுப்புழுக்கையும். கேட்டா, "போன தடவை போட்டதே மண்ணுல கெடக்குங்க்கா"ம்பா. நேத்துச் சாப்பிட்டோம்னு இன்னைக்குச் சாப்பிடாம இருக்கோமா டீச்சர்? சொல்லுங்க.

இம்புட்டும் செஞ்ச எனக்கு என்ன ஆச்சு தெரியுமா? சமன் பண்ணி வெதைச்ச முதல் வெதைப்புலயே இலை வெளுத்துருச்சு. சரி, வெயிலுன்னு நெனைச்சேன். ரெண்டாவது வெதைப்பு அதைவிட மோசம். குருத்துல இலையெல்லாம் சின்னச்சின்னதா ஒண்ணுமேல ஒண்ணு கூடிப்போய் நிக்கிது, தண்டு மேல ஏறவே இல்ல. வெறும் யூரியாவைப் போட்டுப் பாத்தேன். கேக்கல. டி.ஏ.பி.யைக் கொஞ்சம் கூட்டிப் போட்டேன். இன்னும் வெளுத்துச்சு. வரப்புக்கு அந்தப் பக்கம் திரும்பினா அவ கீரை தளதளன்னு நிக்கிது. அதே கெணறு, அதே தண்ணி. எனக்கு எப்படி இருந்திருக்கும்?

வயித்தெரிச்சல்னு சொல்லாதீங்க. கண்ணுபட்டுருச்சுன்னு நெனைச்சேன், அவ்வளவுதான். நாலு மூலையிலயும் கரும்புள்ளி செம்புள்ளி குத்துன பானையைக் கவுத்தேன். மொளகாய் சுத்திப் போட்டேன். ஒண்ணும் நடக்கல.

சந்தையில நடந்ததுதான் டீச்சர் என்னால தாங்க முடியல. கீரை வாங்க வர்றவங்க முதல்ல என் பக்கந்தான் வருவாங்க, நான் வாசலுக்குக் கிட்ட. வந்து ஒரு கட்டைத் தூக்குவாங்க, திருப்பிப் பாப்பாங்க, கீழ வச்சுட்டு அவ பக்கம் நகந்துருவாங்க. ஒரு அம்மா, கண்ணாடி போட்ட அம்மா, பதினஞ்சு வருசமா என்கிட்ட வாங்குறவங்க, "என்ன பஞ்சவர்ணம், உன் கீரைக்கு மஞ்சக்காமாலையா?"ன்னு கேட்டுட்டுச் சிரிச்சாங்க. கடைக்காரங்க பூராம் சிரிச்சாங்க. ஒச்சம்மா சிரிக்கல. அதை ஏன் மறைக்கணும், அவ சிரிக்கல. என் கட்டுல நாலை எடுத்து அவ கட்டுக்கு நடுவுல சொருகி வித்துக் குடுத்தா. அது எனக்குச் சிரிச்சதை விட மோசமாப் பட்டுச்சு.

அப்பத்தான் அந்தப் பொண்ணு வந்துச்சு. ஷர்மிளான்னு வேளாண்மை ஆபீஸ்ல புதுசா வந்த பொண்ணு. ஸ்கூட்டர்ல வந்து எறங்கி, மண்ணைத் தோண்டிப் பைல அள்ளிக்கிட்டுப் போச்சு. பத்து நா கழிச்சு வந்து ரெண்டு பேரையும் வரப்புல நிக்க வச்சு சொல்லுது, "அம்மா, உங்க மண்ணுல ஜிங்க் சத்துக் கொறை. மேல்மண்ணை வழிச்சுட்டீங்க, அடியில பூராம் சுண்ணாம்பு. அதோட டி.ஏ.பி. போட்டுப் போட்டு அதுல உள்ள மணிச்சத்து மண்ணுல கட்டிக்கெடக்கு. இது ரெண்டும் சேந்தா இருக்குற ஜிங்க்கையும் வேர் எடுக்க முடியாது"ன்னு. இருக்காம், ஆனா எடுக்க முடியாதாம். பானையில சோறு இருக்கு, ஆனா திங்க முடியாதுங்கிற மாதிரி ஒரு பேச்சு. எனக்குச் சிரிப்பு வந்துருச்சு. இருபத்திரெண்டு வருசமா மண்ணுல கெடக்குறவளுக்கு ஸ்கூட்டர்ல வந்த பொண்ணு சொல்லித் தருது.

ஆனாலும் நான் என்ன ஒண்ணுந் தெரியாத முரடா? சரி, போட்டுத்தான் பாப்போம்னு ஜிங்க் சல்பேட் வாங்கினேன். பாக்கக் கல்லுப்பு மாதிரி வெள்ளையா இருக்கும். அந்தப் பொண்ணு, "தனியாப் போடுங்க, மணல்ல கலந்து தூவுங்க, டி.ஏ.பி.யோட மட்டும் கலந்துறாதீங்க"ன்னு சொல்லுச்சு. அதுக்கென்ன, சொல்லுறவங்க நெழல்ல நின்னு சொல்லுவாங்க. ரெண்டு வாட்டி குனிஞ்சு நிமிந்து தூவுறது யாரு? நான் ரெண்டையும் ஒரே சட்டியில போட்டுக் கலக்கி ஒரு வேலையா வீசிட்டேன். வயித்துக்குள்ள போனா சோறும் கொழம்பும் ஒண்ணாத்தான போகுது. அப்ப இவ வரப்புல நின்னுக்கிட்டு, "அக்கா, அந்தப் பொண்ணு தனியாப் போடச் சொல்லுச்சே"ன்னா. எனக்கு வந்துச்சு பாருங்க கோவம். "நீ எனக்குப் பாடம் எடுக்குறியாடி?"ன்னேன். அவ பாத்திப் பக்கம் திரும்பிப் போயிட்டா.

இருபத்தஞ்சு நா ஆச்சு. கீரை வெளுத்த மேனிக்கே நிக்கிது. ஒரு துளி மாத்தம் இல்ல. அப்ப அந்த ஜிங்க்கு சுத்தப் பொய்யா இல்லையா? நான் சந்தைக்குப் போய், கல்லு மேல ஏறி நின்னு, அம்புட்டுப் பேரு கேக்கச் சொன்னேன்: "அந்த ஜிங்க்கு ஏமாத்து வேலை. நான் போட்டுப் பாத்துட்டேன். இனிமே அந்த உப்பை என் கையால தொட்டா நான் எங்கப்பனுக்குப் பொறக்கல." அப்படித்தான் சொன்னேன். சொன்ன சொல்லு சொன்னதுதான். நான் மாத்திப் பேசுறவ இல்ல.

அதுக்கப்புறம் இந்த வெதைப்பு. வெதைச்ச எட்டாம் நா. விடிஞ்சும் விடியாம கெணத்து மோட்டாரைப் போடப் போறேன். என் நிலத்துக்குள்ள ஆளு நடமாட்டம். கிட்டப் போனா இவ. முதுகுல மருந்தடிக்கிற டேங்கு, கையில குழல். என் பாத்தியில அடிச்சுக்கிட்டு இருக்கா டீச்சர்! என் நிலத்துல! நாலு பாத்தி அடிச்சு முடிச்சு அஞ்சாவதுக்குக் கால் வைக்கிறா. முப்பது பாத்தியில நாலு. நான் ஓடிப்போய்ப் பின்னாடியே டேங்கைப் பிடிச்சு இழுத்தேன். வாரு அறுந்துச்சு, அவ பாத்தி மேல மல்லாக்க விழுந்தா. கையில இருந்த குழல் மூஞ்சியில அடிச்சு, மூக்குத்தி கீறி ரத்தம் வந்துச்சு. "கொலைகாரி, என் கீரையில விஷத்தை அடிக்கிறியா"ன்னு நான் போட்ட சத்தத்துல ஊரே கூடிப்போச்சு.

கூடுனவங்க கேட்டாங்க, "என்ன ஒச்சம்மா, அடிச்சியா?" "அடிச்சேன்"னா. "என்னத்தை அடிச்ச?" வாயைத் தொறக்கல. "எதுக்கு அடிச்ச?" வாயைத் தொறக்கல. என்னை ஒரு பார்வை பாத்தா, தரையப் பாத்தா, சேலையில மண்ணைத் தட்டிவிட்டுட்டு டேங்கைத் தூக்கிக்கிட்டுப் போயிட்டா. விஷமில்லைன்னா சொல்ல வேண்டியதுதான? மடியில கனம் இல்லாட்டி வழியில எதுக்குப் பயம்? நான் அன்னைக்கே சந்தை ஆபீஸுக்குப் போய் மனு எழுதிக் குடுத்துட்டேன். என் நிலத்துக் கீரையில விஷ மருந்து அடித்தார், தக்க நடவடிக்கை எடுக்க வேண்டும். தக்கங்கிற வார்த்தையை நான்தான் எழுதச் சொன்னேன்.

கீரையில விஷம்னா சும்மா விடுவாங்களா? அவ அட்டையை வாங்கி வச்சுக்கிட்டாங்க. விசாரணை முடியுற வரைக்கும் சந்தைக்குள்ள வரக்கூடாது. பதினேழு நாளாக் கூடையத் தலையில வச்சுக்கிட்டுத் தெருத்தெருவா வித்துக்கிட்டுத் திரியிறா. இன்னைக்கு நான் போய், ஆமா, மனுவுல உள்ளது உண்மைன்னு கையெழுத்துப் போட்டா அட்டையை ரத்து பண்ணிருவாங்க. அப்புறம் எப்பவும் வர முடியாது. அவளே அடிச்சேன்னு ஒத்துக்கிட்டதால வேற சாட்சியே வேணாமாம். என் கையெழுத்து ஒண்ணுதான் பாக்கி.

நான் எதுக்கு டீச்சர் யோசிக்கணும்? தப்புப் பண்ணவ அனுபவிக்கணும்.

என்ன அப்படிப் பாக்குறீங்க? கேளுங்க, மனசுல வச்சுக்காதீங்க. ஓ, அதுவா. விஷம் அடிச்ச நாலு பாத்தியும் எப்படி இப்படி வளந்துச்சுன்னு கேக்குறீங்களா? எல்லாரும் அதைத்தான் கேக்குறாங்க. நான் அதுக்குப் பதில் வச்சிருக்கேன். என் மண்ணு அப்படிப்பட்ட மண்ணு. விஷத்தையும் தின்னு செரிச்சு வளரும். பன்னெண்டு வருசமா டி.ஏ.பி. தின்ன ஒடம்பு அது. கெடுக்க வந்தவ மூஞ்சியில கரி பூசுற மாதிரி, நாலு பாத்தியும் அஞ்சாறு நாள்லயே குருத்துப் பச்சை கட்டிருச்சு. அடிக்காத இருபத்தாறு பாத்தியும் அப்படியே வெளுத்து நிக்கிது. ஆடத் தெரியாதவ மேடை கோணல்னாளாம், அது மாதிரி ஊர்க்காரங்க என் வெள்ளாமையைக் கொறை சொல்லுறாங்க. நீங்களும் சிரிக்கிறீங்களா? சிரிச்சுக்கிருங்க.

சிரிக்கலையா. சரி.

நீங்க டீச்சரு. கணக்கு டீச்சரா? அறிவியலா! அப்படிப் போடுங்க. அதுதான் அந்த நாலு பாத்தியப் பத்தி மறுபடி மறுபடி கேக்குறீங்க. வேணாம் டீச்சர், நீங்க விளக்காதீங்க. விளக்குறவங்களைக் கண்டாலே எனக்கு ஆகாது.

எனக்குத் தெரியாதுன்னா நெனைக்கிறீங்க?

இங்க கிட்ட வாங்க. இதை மட்டும் மெதுவாச் சொல்லுறேன், இது அவளுக்குக் கேக்க வேணாம். அவ விழுந்து எந்திரிச்சுப் போன அன்னைக்கே வாய்க்கா ஓரத்துல ஒரு கவரு கெடந்துச்சு. நாலா மடிச்சு, கல்லுக்கு அடியில வச்சிருந்தா. அவ அப்படித்தான், குப்பையைக் கூட மடிச்சுத்தான் போடுவா. எடுத்துப் பாத்தேன். அதே கவருதான். நான் வாங்குனேன்ல, அதே ஜிங்க்கு, அதே எழுத்து, ஓரத்துல வெள்ளை உப்பு ஒட்டிக்கெடக்கு. மண்ணுல போடாம, தண்ணியில கரைச்சு இலை மேலயே அடிச்சிருக்கா. ரெண்டு நிமிசம் கையில வச்சுக்கிட்டு நின்னேன். அப்புறம் வீட்டுக்குக் கொண்டுபோய் அடுப்புல போட்டுட்டேன். போட்டுட்டுத்தான் மனுக் குடுக்கப் போனேன்.

ஆமா. தெரிஞ்சுதான் போனேன். இப்பச் சொல்லுங்க, நான் கெட்டவன்னு. சொல்லுங்க.

நீங்க என் எடத்துல இருந்து பாத்திருந்தா தெரியும். நான் அந்த வீட்டுக்கு மூத்த மருமக. அவ கல்யாணமாகி வந்தப்ப அவளுக்குக் களைக்கொத்து பிடிக்கத் தெரியாது. வெதையை விரலுக்கு நடுவுல விட்டு எப்படித் தூவுறதுன்னு கையைப் பிடிச்சுச் சொல்லிக் குடுத்தது நானு. அவ முதல் பாத்தி மொளைச்சப்ப அவளை விட நான்தான் சந்தோசப்பட்டேன். அப்படிப்பட்டவ எனக்குத் தெரியாம, ஊரு முழிக்கிறதுக்குள்ள வந்து, என் பாத்தியைச் சரிபண்ணிட்டுப் போகப் பாக்குறா. புடவை விலகிக் கெடக்குறவளுக்கு இழுத்து மூடிவிட்டுட்டுப் போற மாதிரி. எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கணுமா இல்லையா? "அக்கா, அடிக்கவா"ன்னு கேட்டிருக்கணுமா இல்லையா?

கேட்டிருந்தா என்ன சொல்லியிருப்பேனா? செருப்பைக் கழட்டியிருப்பேன். அது வேற விசயம். கேட்டிருக்கணும்.

அதைவிட என்னைக் கொல்லுறது என்ன தெரியுமா? கூட்டத்துல அவ வாயைத் தொறக்காம நின்னா பாருங்க, அது. ஒரு வார்த்தை, "ஜிங்க்கு அடிச்சேன்"னு சொல்லியிருந்தா அன்னைக்கே முடிஞ்சுபோயிருக்கும். ஏன் சொல்லல? சொன்னா அடுத்த கேள்வி என்ன வரும்? "பஞ்சவர்ணந்தான் ஜிங்க்கு போட்டுப் பாத்து ஒண்ணும் ஆகலைன்னு சந்தையில கல்லு மேல ஏறிச் சொன்னாளே, உனக்கு மட்டும் எப்படிப் பச்சை கட்டுது?" அதுக்குப் பதில், அக்கா டி.ஏ.பி.யோட கலந்து போட்டுருச்சு, போடத் தெரியாமப் போட்டுருச்சு. அந்த ஒரு வாக்கியத்தைச் சொல்லக் கூடாதுன்னுதான் அட்டையைக் குடுத்துட்டுத் தெருத்தெருவா நடக்குறா. எனக்கு விட்டுக்குடுக்குறாளாம்! எனக்கு! நான் கேட்டேனா? நான் பிச்சை கேட்டேனா டீச்சர்?

பதினேழு நாளாக் கடைக்கல்லுல நான் ஒத்தையா உக்காந்திருக்கேன். அந்தப் பக்கம் காலியாக் கெடக்கு. நான் பாட்டுக்குப் பரப்பி உக்கார வேண்டியதுதான? முடியல. கால் அந்தப் பக்கம் நீளவே மாட்டேங்கிது. ரெண்டு நாளா அந்த நாலு பாத்திக் கீரையைக் கொண்டுபோய் வச்சேன். அந்தக் கண்ணாடி போட்ட அம்மா வந்து தூக்கிப் பாத்துட்டு, "அடடே பஞ்சவர்ணம், பழைய கை திரும்பிருச்சே"ன்னு சொல்லி அஞ்சு கட்டு எடுத்துக்கிட்டாங்க. எனக்கு அழுகை வந்துருச்சு. என் கையா அது? அவ கை. காப்பி வாங்கி வச்சுட்டுக் குடிக்காமக் கொட்டுனேன்.

இது எந்த ஸ்டாப்பு? காளவாசலா? அப்ப இன்னும் கொஞ்ச நேரந்தான். நீங்க எங்க எறங்கணும்?

சரி, இப்பக் கேளுங்க. இனிமே மெதுவா வேணாம், சத்தமாவே சொல்லுறேன். முன்னாடி உக்காந்திருக்குறவங்களுக்கும் கேக்கட்டும். கண்டக்டர் தம்பி, நீங்களும் கேட்டுக்கிருங்க. நான் இன்னைக்கு ஆபீஸ்ல என்ன சொல்லப்போறேன்னா, அடிக்கச் சொன்னதே நான்தான். ஆமா. நான்தான் அவளை அனுப்புனேன். நான் மூத்தவ, எனக்கு இடுப்பு வலி, டேங்கைத் தூக்க முடியல, இளையவளை ஏவுனேன். ஏவுனதை மறந்துபோய்ச் சத்தம் போட்டுட்டேன். வயசாச்சு, மறதி. நாப்பத்தேழு வயசுல மறதி வரக் கூடாதா? எழுதிக்கிருங்க ஐயா, கையெழுத்து எங்க போடணும்னு கேப்பேன். பொய் மனுக் குடுத்தீங்களான்னு அந்த ஆபீசர் மொறைச்சா நானும் மொறைப்பேன். வேணும்னா என் அட்டையை வாங்கி வச்சுக்கிறட்டும், நான் கூடையத் தலையில வச்சு நடக்குறேன். எனக்குத் தலை இல்லையா, காலு இல்லையா?

மன்னிப்பா? யாருகிட்ட? நான் யாருகிட்டயும் மன்னிப்புக் கேக்குறதா இல்ல. சத்தியத்தையும் மீறல. என் கையால தொடமாட்டேன்னுதான் சொன்னேன், அடிக்கிறது அவ கை. டி.ஏ.பி.யை விடச் சொன்னா அதையும் விடமாட்டேன். வேணும்னா ஒரு வெதைப்பு விட்டுப் பாப்பேன், அதுவும் நானா நெனைச்சு விடுறது. யாரு சொல்லியும் இல்ல. அந்த ஸ்கூட்டர்ப் பொண்ணு சொல்லி இல்லவே இல்ல. அங்க போய், "இல்லைங்க, அக்கா என்னை அனுப்பல, நானாத்தான் போனேன்"னு அவ ஒரு வார்த்தை பேசட்டும், அங்கயே வச்சு இருக்குது அவளுக்கு. நான் பொய் சொல்லும்போது குறுக்க பேசுறவளை எனக்குப் பிடிக்காது.

அட, என்ன, எந்திரிச்சு வர்றா? இன்னும் ஸ்டாப்பு வரலயே. பஸ்ஸு ஆடுது, கம்பியைக் கூடப் பிடிக்காம வர்றா பாருங்க டீச்சர், விழுந்து தொலையப் போறா. பிடிச்சு நிக்கச் சொல்லுங்க அவளை. நான் பேசுறதில்லை, நீங்க சொல்லுங்க.

ஏய், மூட்டையில கை வைக்காத. உன்னை யாரு தூக்கச் சொன்னது? வை கீழ. ஈரம், உன் சேலை நனையும், நீ கட்டியிருக்கிறதே ஒரு நல்ல சேலை. கண்ணைத் தொடைடி முதல்ல, ஆபீசுக்குள்ள அழுத மூஞ்சியோட போனா நான்தான் அடிச்சுக் கூட்டிக்கிட்டு வந்தேன்னு நெனைப்பாங்க. எப்படியும் அப்படித்தான் நெனைப்பாங்க, சரி விடு.

ஒச்சம்மா, மிச்சம் இருபத்தாறு பாத்தி கெடக்கு. அடுத்த வெதைப்பு ஞாயித்துக்கெழம. மணல்ல கலந்து தூவணும்னா தூவிக்க, தனியாப் போடணும்னா தனியாப் போட்டுக்க, நான் பாக்கமாட்டேன், அந்தப் பக்கம் திரும்பி நின்னுக்கிறேன். ஆனா விடிஞ்சதுக்கப்புறம் வா. வெளிச்சத்துல வா. வரப்புல நின்னு "அக்கா"ன்னு ஒரு சத்தம் குடுத்துட்டு உள்ள வா.

வரட்டா டீச்சர். ஏய், தள்ளி நில்லு, எங்க முன்னாடி போற? நான் முதல்ல எறங்கணும். நீ எனக்கு இளையவ.